நாய்களுக்குப் பரம்பரையாய் வருங் கல்லடைப்பு

(அளவெட்டிக் கமக்காரருக்கு விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் விதை தெரிவு செய்தலின் அவசியத்தை நீங்கள் நன்கறிவீர்கள். இன்று, இரவிலே கோழிக்கூட்டையும் வெங்காயக் கொட்டிலையும் காக்கின்ற நாயைப்பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். அதற்கு வருங் கல்லடைப்பிலும் விதைத் தெரிவே முக்கியமானது.

நாய்க்குச் சிறுநீர் இறங்காவிட்டால், கிணற்று நீரின் சுண்ணாம்பே காரணமெனப் பலர் எண்ணுவர். குடாநாட்டின் நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் இருப்பது உண்மையே. ஆயினும், நாய்க்கு உண்டாகுங் கற்கள் பல வகைப்படும். அவற்றுள் யூரிக்கமிலக் கல்லுக்குக் கிணறு காரணமன்று. பெரும்பாலும் அது தாய் தந்தை வழியாக வரும் உடற்பழுதினால் உண்டாவது.

உணவிலுள்ள பியூரின் என்னும் பொருள் உடலில் யூரிக்கமிலமாக மாறும். பெரும்பாலான நாய்களில் ஈரல் அதனை நீரில் எளிதிற் கரையும் அலன்ரோயினாக மாற்றிவிடும். வெண்ணிற உடலிற் புள்ளிகள் கொண்ட டல்மேஷியன் இனத்திலோ, யூரிக்கமிலம் ஈரற் கலங்களுட் செல்லும் வழி பழுதுபட்டுள்ளது. ஆகவே அது சிறுநீரில் மிகுந்து, சில நாய்களில் மணலாயும் கல்லாயும் படிகின்றது. அடைப்பு நேர்வது பெரும்பாலும் ஆண் நாய்க்கே. அதன் சிறுநீர்வழி ஒடுங்கியது. குறியிலுள்ள எலும்பின் பள்ளத்தினூடே செல்வது. கல் அவ்விடத்திற் சிக்கிக்கொள்ளும்.

2008ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த டனிக்கா பனாஷ் என்பாரும் அவர் குழுவினரும் இதற்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டறிந்தனர். புல்டோக் இனத்துச் சில நாய்களிலும் இப்பழுது உண்டு. குட்டியானது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இவ்வலகைப் பெறுகின்றது. இரண்டும் பழுதாயின் யூரிக்கமிலம் மிகும். ஒன்று மாத்திரம் பழுதாயின் நாய் சுகமாயிருக்கும். ஆனால் பழுதைத் தன் குட்டிகளுக்குக் கடத்தக்கூடும். அத்தகைய இரு நாய்கள் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளுள் ஒன்று பழுதுடன் பிறக்கும். டல்மேஷியனுக்கும் பழுதில்லா ஊர்நாய்க்கும் பிறந்த குட்டிகள் இந்நோயின்றி வளர்வதும், அக்குட்டிகளைத் தம்முட் சேர்க்கையில் நோய் மீண்டுந் தோன்றுவதும் இதனாலேயே.

டல்மேஷியன் இனம் முழுவதிலும் இப்பழுது பரவியிருந்தமையால், இனத்துக்குள்ளேயே தெரிவு செய்து அதனை நீக்க இயலவில்லை. 1973இல் அமெரிக்காவில் ரொபேட் ஷைபிள் என்பார் ஒரு டல்மேஷியனைப் பொயின்ரர் இன நாயுடன் சேர்த்து, பிறந்தவற்றுட் பழுதில்லாதவற்றை மீண்டும் மீண்டும் டல்மேஷியனுடன் சேர்த்தார். புள்ளிகள் நிலைத்தன, பழுது நீங்கியது. பத்தலகொடையில் நெல்லினங்களுக்கு நோயெதிர்ப்புக் குணத்தைக் கலக்கும் முறையும் இத்தகையதே.

நீங்கள் கவனிக்கவேண்டியவை வருமாறு:

1. நாய் அடிக்கடி முக்குதல், துளித்துளியாய்ச் சிறுநீர் விடுதல், அதிற் குருதி காணுதல் ஆகியவை முதற் குறிகள். சிறுநீர் முற்றாக நின்றால் நஞ்சு உடலிற் சேரும். சிறுநீர்ப்பை வெடிக்கவுங் கூடும். ஓரிரு நாளில் நாய் இறந்துவிடலாம். வயிற்றை அழுத்தாது, கைமருந்து கொடுத்துக் காலம் போக்காது, அன்றே அரச மிருக வைத்தியரிடங் கொண்டுசெல்க.

2. இக்கல் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்திற் புலப்படாமலும் போகலாம். எடுத்த கல்லை எறியாது, அதன் வகையை அறியுமாறு வைத்தியரைக் கேட்க. வகைக்கேற்பவே உணவும் மருந்தும் வேறுபடும்.

3. யூரிக்கமிலக் கல்லாயின் ஈரல், சிறுநீரகம், நெத்தலி, சூடை ஆகியவற்றைத் தவிர்க்க. சோறு, முட்டை, மரக்கறி முதலியவற்றை வைத்தியர் கூறும் அளவில் நீர் கலந்து கொடுக்க. சுண்ணாம்புக்கு அஞ்சிக் குடிநீரைக் குறைத்தல் பெருந் தவறு. கட்டிவைக்கும் நாயை அடிக்கடி அவிழ்த்துவிடுக.

4. இந்நோய் கண்ட நாயை இனப்பெருக்கத்துக்கு விடாது, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்க. அதன் பெற்றோரையும் உடன்பிறந்தவற்றையும் ஒன்றோடொன்று சேர்க்கற்க.

விதைநெல்லிற் பிற இனக் கதிரைக் கண்டால் உடனே களைகின்றீர்கள். நாய் விடயத்திலோ, நன்றாகக் குரைக்கின்றதென்று குட்டி கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகின்றோம். இனிமேல் அயலவர் குட்டி கேட்கும்போது, அதன் தாய் தந்தையருக்குக் கல்லடைப்பு வந்ததுண்டா என்பதையுஞ் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் வாங்கும்போதும் அதனைக் கேட்டே வாங்குங்கள்.