ஒரு சொல்லும் ஒரு சிறைவாசமும்



ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கண்டால் புலவரவையில் சுவையான வாதம் எழும், எவர்க்கும் இழப்பில்லை. நீதிமன்றத்தில் அவ்வாறன்று. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அன்றி எவரது உயிரையும் உடல்சார் உரிமையையும் பறித்தலாகாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு. இங்குச் ‘சட்டம்’ என்பது யாது? சட்டமன்றம் இயற்றியது எதுவாயினும் சட்டமா? அறத்தோடு பொருந்தியது மட்டுமே சட்டமா?

இவ்வினாவை உச்ச நீதிமன்றத்தின்முன் முதலில் வைத்தவர், சென்னை அரசின் காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன். 1947 டிசம்பர் முதல் சிறையிலிருந்த அவர்மீது, 1950 மார்ச் முதல் நாள் தடுப்புக்காவல் சட்டப்படி புதிய ஆணை பாய்ந்தது. இயற்கை நீதியையும் உள்ளடக்கியதே சட்டம் என அவருக்காக வாதிட்டார் எம்.கே.நம்பியார். அவ்வாண்டு மே 19இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் அறுவருள் பசல் அலி ஒருவரே அவ்விரிந்த பொருளை ஏற்றார். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடமும் வெளியிடலாகாது என்றிருந்த பிரிவை மட்டும் அனைவரும் ஒருமித்து நீக்கினர்.

பெரும்பான்மையோரை எளிதில் பழித்துவிட இயலாது. அமெரிக்கர் வழங்கும் விரிந்த தொடரை வரைவாளர்கள் தெரிந்தே விலக்கி, ஜப்பானிய அரசியலமைப்பின் சொல்லாட்சியைத் தழுவினர். எழுதியோர் கருதிய பொருளையே நீதிபதிகள் கொண்டனர். ஆயினும் சொல் எழுதியவனோடு நின்றுவிடுவதில்லை என்பதைக் கவிஞர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1978இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், நடைமுறை நேரியதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டுமென அதே நீதிமன்றம் பொருள் விரித்தது.

தடுப்புக்காவலோ இன்றும் நிற்கிறது. மக்கள் ‘குண்டர் சட்டம்’ என வழங்கும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம், விசாரணையின்றி ஒருவரை ஓராண்டு வரை அடைத்துவைக்க இடந்தருகிறது. ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி மூன்று மாதம் வரை காவலில் வைக்கலாம் என்பது 22ஆம் உறுப்பு. அதனை இரண்டு மாதமாகக் குறைக்க 44ஆம் திருத்தம் 1978இலேயே வகை செய்தது. அப்பகுதியை நடைமுறைக்குக் கொணரும் அறிவிக்கையை எந்த நடுவணரசும் வெளியிடவில்லை. கட்சிகள் மாறின, இம்மௌனம் மட்டும் மாறவில்லை.

தமிழ் பயில்வோர் ஊன்றி நோக்கத்தக்க வழக்கு வேறொன்று. மகாராஷ்டிரத்தில் காவலில் வைக்கப்பட்ட அரிகிசன் என்பாருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவர் ஆங்கிலம் அறியார்; இந்தியில் கேட்டார்; மறுத்தனர். அதிகாரி வாய்மொழியாகப் பெயர்த்துரைத்தது போதும் என வாதிட்டது அரசு. உச்ச நீதிமன்றம் 1962இல் அதனை ஏற்கவில்லை. காரணங்களை அவர் அறிந்த மொழியில் எழுத்தாகவே தருதல் வேண்டும். தாராமையின் அக்காவலே செல்லாது எனத் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது.