ஆறு மாத உரம் நான்கே மாதத்தில் தீர்வது ஏன்?



ஜொகூரில் கூலாய், மூவார் பக்கம் நர்சரிகளில் நிற்கும் அழகுச் செடிகளில் பெரும்பகுதி கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வளர்பவை. பைக்குள் இருப்பது தேங்காய் நார்த்தூள், உமிக்கரி போன்ற கலவை. தூக்க லேசு, தண்ணீரும் தேங்காது. வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால், உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் குறைவு.

தோட்டத்துச் செம்மண்ணில் மணிச்சத்து போட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பையில் அதுவும் கரைந்து அடித்துளை வழியாக ஓடிவிடும். நைட்ரேட் வடிவத்தில் உள்ள தழைச்சத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், காலையில் சாதாரண உரம் போட்டு மாலையில் மழை கொட்டினால், செடி தின்றதை விட சாக்கடை தின்றதே அதிகம்!

இதற்காக வந்ததுதான் மெதுவாகச் சத்தை விடும் குருணை உரம். ஓஸ்மோகோட் போன்றவை அமெரிக்காவில் 1960-களிலேயே வந்துவிட்டன. குருணையின் மேல் பிசின் பூச்சு இருக்கும். ஈரம் உள்ளே புகுந்து உரத்தைக் கரைக்கும். கரைந்தது சிறிது சிறிதாகக் கசியும்.

நிறைய தண்ணீர் ஊற்றினால் நிறைய உரம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கலவை ஈரமாக இருந்தால் போதும், கசியும் வேகத்தைத் தீர்மானிப்பது சூடு. மூட்டையில் அச்சிட்டிருக்கும் ‘6 மாதம்’ என்ற கணக்கு பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸில் போட்டது. சில நிறுவனங்கள் 25 டிகிரியை வைத்துக்கொள்கின்றன. ஜொகூரில் பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். வெயில் படும் கறுப்புப் பையின் ஓரம் 40-ஐத் தாண்டுவதும் உண்டு. அங்கே ஆறு மாத உரம் நான்கு மாதம் தாக்குப் பிடித்தாலே பெரிய காரியம். ஐந்தாம் மாதம் அடி இலை மஞ்சளாகும். நோய் என்று எண்ணி மருந்து அடிப்பார்கள்! மருந்துக் காசும் வீண், செடியும் விலை போகாது.

குருணைகள் இன்னும் அப்படியே கிடக்கின்றனவே என்று கேட்கலாம். கிடப்பது வெறும் கூடாக இருக்கலாம். இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே கட்டியாக இருந்தால் உரம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் வந்தால் தீர்ந்துவிட்டது. இன்னொன்று: குருணை கலந்த ஈரக் கலவையை வாரக்கணக்கில் குவித்து வைக்கக்கூடாது. உப்பு சேர்ந்து, பிறகு நடும் செடியின் வேரைச் சுட்டுவிடும்.

நர்சரியிலிருந்து வடிவது எங்கே போகிறது? ஜொகூர் ஆற்றுப் படுகையில் இருந்தால், அந்த ஆற்றுக்குத்தான். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை சிங்கப்பூர் அங்கிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஜொகூர் மக்கள் குடிப்பதும் அதே ஆற்று நீரைத்தான். மணிச்சத்தும் தழைச்சத்தும் சேரும் நீரில் பாசி பெருகும். அதைச் சுத்திகரிக்கும் செலவு யார் தலையில் விழும்?

எவ்வளவு வடிகிறது என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பைக்கு அடியில் ஒரு பேசின் வையுங்கள். ஒரு லிட்டர் ஊற்றி 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை வடிந்தால் சரி. அரை லிட்டர் வடிந்தால், குழாயை அந்த அளவுக்குச் சீக்கிரம் மூடலாம்.