வரிப் பாக்கி நிலமும் ஏலதாரரின் பொறுப்பும்

வரிப் பாக்கிக்காக அரசு ஏலத்தில் விடும் நிலம் மலிவானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் இத்தகைய நிலங்களை வாங்குவதே ஒரு முதலீட்டு முறையாக வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் இவ்வேலத்தின் நோக்கம் பாக்கியை மீட்பதே. ஏலதாரருக்கு இலாபம் தேடித் தருவதன்று. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் நிலம் வாங்க நினைப்பவர் இதனை முதலில் உணர்தல் வேண்டும்.

அங்கு நடைமுறையிலிருப்பது 1968ஆம் ஆண்டின் கேரள வருவாய் மீட்புச் சட்டம். முதலில் கேட்பு அறிவிப்பு, பின்னர் ஜப்தி, அதன்பின் குறைந்தது 30 நாள் அவகாசமளிக்கும் ஏல அறிவிப்பு என நடவடிக்கைகள் அமைகின்றன. ஏலம் எடுத்தவர் 15 விழுக்காட்டை உடனே கட்டி, எஞ்சியதை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் முன்பணத்தை இழக்க நேரிடும். பத்து இலட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் அன்றே ஒன்றரை இலட்சம் கட்ட வேண்டும் என்பது கணக்கு. ஆயினும் நிலம் அப்பொழுதே அவருடையதாகிவிடாது. பாக்கிதாரர் 30 நாட்களுக்குள் பாக்கியையும், ஏலத்தொகையில் 5 விழுக்காட்டையும் கட்டினால் விற்பனை இரத்தாகும். ஏலதாரருக்குக் கிடைப்பது கட்டிய பணமும் அந்த ஐம்பதாயிரமுமே. முறைகேடு, மோசடி எனக் கூறி விற்பனையை எதிர்க்கவும் அதே அளவு அவகாசம் உண்டு. குடியானவனின் நிலத்தை இயன்றவரை அவனிடமே விட்டுவைக்கச் சட்டம் விரும்புகிறது, இது நியாயமானதே.

ஏலம் விளையும் மலையில் நிலம் ஏலம் போகும்போது மற்றொரு சிக்கலும் எழுகிறது. பாக்கிதாரருக்கு இல்லாத உரிமையை ஏலம் உண்டாக்கித் தருவதில்லை. அடுத்துள்ள தேவிகுளம் வட்டத்தில், அதிகாரம் பெறாத அலுவலரால் 1999இல் வழங்கப்பட்ட 530 பட்டாக்களை இரத்து செய்யக் கேரள அரசு 2022 ஜனவரியில் ஆணையிட்டது. ஏலமலைக் காடுகளில் புதிய பட்டா வழங்குவதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தடுத்து நிறுத்தியது. சின்னக்கானலிலேயே 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு அளித்த நிலம் உண்டு. அது சந்தைப் பொருளன்று.

மலைக்குக் கீழே போடிநாயக்கனூரில் 1864ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டம் செல்லும். அந்நிலத்திற்குரிய நிலவரிப் பாக்கிக்காகவே விற்கப்பட்டால் நிலம் வில்லங்கமின்றிக் கைமாறும். வேறு பாக்கிக்காக விற்கப்பட்டால் முந்தைய அடமானம் தொடரக்கூடும். எனவே எந்தப் பாக்கி என்ற கேள்வியே விலையை நிர்ணயிக்கிறது.

விற்பனை உறுதியான பின் வருவாய் அலுவலர் தரும் சான்றிதழைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறவில்லை. ஆனால் முத்திரைத் தீர்வை, பட்டா மாறுதல், அளவை, குடியிருப்போரை அகற்றும் வழக்கு ஆகியவற்றுக்கான செலவுகள் ஏலத்தொகைக்கு வெளியே நிற்கின்றன. இவற்றுள் இறுதியானதற்கு எவரும் முன்கூட்டி மதிப்பீடு தர இயலாது.

ஏல அறிவிப்பில் புல எண், பரப்பு, பாக்கித் தொகை ஆகியவற்றுடன், பட்டா எந்த ஆண்டில், எந்த விதியின்கீழ் வழங்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பது வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் பெரும் பணியன்று.