மருந்துக்குப் பழகும் கிருமிகள்



பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், தம் மருந்தின் பெருமையோடு நிற்கவில்லை. அதனைக் குறைந்த அளவில் உண்டால் கிருமிகள் அழியாமல் எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அது வீண் அச்சமன்று. அம்மருந்து மக்கள் கைக்கு வருமுன்னரே, 1940-இல், அதனைச் சிதைக்கவல்ல நொதியொன்று சில பாக்டீரியாக்களிடம் இருப்பதை ஆபிரகாம், செயின் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் இருவர் கண்டிருந்தனர்.

"என் உடம்புக்கு இந்த மாத்திரை கேட்பதில்லை" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆன்டிபயாடிக் மருந்தைப் பொறுத்தவரை, கேட்க மறுப்பது உடம்பன்று, கிருமியே.

கணக்காசிரியன் பழக்கம் என்னை விட்டபாடில்லை; சிறு கணக்கொன்று போடுவோம். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா, தக்க சூழலில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழு மணி நேரத்திற்குள் 10 லட்சத்தைக் கடந்துவிடும். இத்தனை பிரிவுகளுக்கிடையே மரபுப் பொருளைப் படியெடுப்பதில் எங்கோ ஒரு பிழை நேர்கிறது. அப்பிழை ஒரு கிருமிக்கு மருந்தைத் தாங்கும் வல்லமையைத் தற்செயலாகத் தந்துவிட்டால், மருந்து மற்றவற்றைக் கொன்று இதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. பின்னர் அதன் சந்ததியே பெருகுகிறது. அவ்வல்லமையை வேற்றினக் கிருமிக்குக் கைமாற்றவும் கூடும். தேர்வு மண்டபத்தில் விடைத்தாள் கைமாறுவது போலத்தான்!

சளியும் ஜலதோஷமும் வைரஸால் வருவன. ஆன்டிபயாடிக் வைரஸைத் தீண்டாது. சில நாளில் சளி தானே தணிகிறது. புகழோ மாத்திரையைச் சேர்கிறது. இடையில் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் வீணே பயிற்சி பெறுகின்றன. "மருந்து வேண்டாம், ஓய்வு போதும்" என்னும் மருத்துவரை ஏதும் அறியாதவர் என எண்ணுவோர் இன்றும் உளர். அவர் சொல்வதே கடினமான வைத்தியம் என்பேன். பாக்டீரியாவால் வரும் நிமோனியாவுக்கோ இம்மருந்து உயிர் காப்பது. அங்கே தயங்குதல் தகாது.

நம் நாட்டில் 2014 மார்ச்சு முதல், குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், மருந்து எழுதியவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்கவேண்டும் என்பது விதி. வீட்டு அலமாரியில் மீந்து கிடப்பவற்றை அப்பதிவேடு அறியாது. அண்ணனுக்கு எழுதிக் கொடுத்ததில் மீந்த நான்கு மாத்திரைகளைத் தம்பியின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவை தம்பியின் நோயைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. பொருத்தமானவையாகவே இருந்தாலும், அந்நோய்க்கு வேண்டிய அளவும் அல்ல.