சிறுநீரில் கசியும் புரதமும் வைட்டமின் டி மருந்தும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

வெயிலுக்குப் பஞ்சமில்லாத கொற்கைக் கரையில் வாழ்கிறோம். ஆயினும் நம்மில் பலருக்கு வைட்டமின் டி குறைவென்று பரிசோதனை அறிக்கை வருகிறது. அதை வைத்துக்கொண்டு, அம்மாத்திரை சிறுநீரில் புரதம் போவதை நிறுத்திவிடுமா என வினவுவோர் உளர். பழைய மாத்திரைகளைக் கைவிட்டு இதை மட்டும் உண்ண எண்ணுவோரும் உளர். ஆதலால் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதுறும்போது அல்புமின் என்னும் புரதம் கசிகிறது. தொடக்கத்தில் வலியும் இராது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் சரியாகவே இருக்கலாம். நுரையும் கால்வீக்கமும் பின்னரே வரும். ஆகவே சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கொருமுறை சிறுநீரில் அல்புமினைச் சோதித்தல் வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 300ஐத் தாண்டினால் கடுமை.

வைட்டமின் டியைச் செயல்படும் வடிவிற்கு மாற்றுவது சிறுநீரகமே. அவ்வடிவை ஒத்துச் செயற்கையாக ஆக்கப்பட்ட மருந்து பாரிகால்சிட்டால். 2010இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், ஏற்கெனவே கசிவைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரை உண்டுவந்த 281 சர்க்கரை நோயாளிகள் 24 வாரங்கள் கவனிக்கப்பட்டனர். நாள்தோறும் 2 மைக்ரோகிராம் பெற்றவர்களிடம் கசிவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் 3 விழுக்காடு. எனினும் ஆய்வின் முதன்மைக் கணக்கு ஐயமற உறுதிப்படவில்லை. சாதாரண வைட்டமின் டி3யோ, 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1312 சர்க்கரை நோயாளிகளுக்கு ஐந்தாண்டு கொடுக்கப்பட்டும் சிறுநீரகத்தைக் காக்கவில்லை. குறைபாடு உள்ளவர் அதை நிரப்பட்டும். புரதக் கசிவுக்கு அது மருந்தன்று. தாமாகவே ஊசியும் மாத்திரையும் மிகுதியாக எடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகமே கெடும்.

2010ஆம் ஆண்டு ஆய்வில், மிகுதியாக உப்பு உண்டவர்களிடமே மருந்தின் பலன் கூடுதலாகத் தென்பட்டது. உப்பை மிகுதியாக உண்டால், கசிவைக் குறைக்கும் வழக்கமான இரத்த அழுத்த மாத்திரையின் வேகம் மட்டுப்படும். உப்பளங்களுக்கு நடுவே வாழும் நாம், கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பதற்கு எவருடைய மருந்துச் சீட்டும் தேவையில்லை!

'பிரில்', 'சார்ட்டான்' என முடியும் மாத்திரைகள், சர்க்கரைக் கட்டுப்பாடு, 2020க்குப் பின் பரவலான டாபாகிளிஃப்ளோசின் ஆகியவையே இன்று முன்னிற்பவை. சென்னையை அடுத்த கிராமங்களில் டாக்டர் எம்.கே. மணி அவர்களின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றி வீடுவீடாகச் சிறுநீரைச் சோதிக்கச் செய்து, விலை குறைந்த மருந்துகளையே கொடுத்துவந்தது. நம் மஹல்லாவிலும் இது இயலும் என்றே கருதுகிறோம்.

ரமளானில் மாத்திரை வேளைகள் மாறும். சிறுநீரக நோயுடையோர் நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். நோயாளிக்கு ஷரீஅத் தந்த சலுகையைப் பெறத் தயங்க வேண்டாம்.