கேளாத கருவி

2018ஆம் ஆண்டில் ஒரு நாள், காட்டேரிக்குப்பத்திலுள்ள என் தமக்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் மகளுக்கு மறுநாள் காலை 10 மணிக்கு மடிக்கணினி வழியே வேலைக்கான நேர்காணல். அன்று மாலைதான் விண்டோஸ் 10 தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதன்பின் அவள் பேசிய பேச்சு எதிர்முனைத் தோழிக்குக் கேட்கவேயில்லை.

“மாமா, மைக் கெட்டுவிட்டது. வில்லியனூருக்குக் கொண்டுபோய் மாற்றிவிடலாமா?” என்று கலங்கினாள்.

தலையில் மாட்டும் மைக் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். அதுவும் ஊமையாகவே இருந்தது. இரண்டு கருவிகள் ஒரே மாலையில் பழுதாவது அரிதன்றோ? பிழை கருவியில் இல்லை, அனுமதியில் இருக்கலாமென ஐயுற்றேன். அவ்வாண்டு ஏப்ரல் மாதப் புதுப்பிப்பு முதல், அமைப்புகளில் ‘தனியுரிமை’ என்னும் பகுதியிலுள்ள மைக்ரோஃபோன் அனுமதி மூடியிருந்தால், செயலி எதுவாயினும் நம் குரல் அதற்குச் சேராது. ஒட்டுக்கேட்போரைத் தடுக்க வைத்த காவல் அது. நல்ல காவல்தான், ஆயினும் வீட்டுக்காரியையே வெளியில் நிறுத்திவிட்டதே! அனுமதியைத் திறந்தேன். அவள் பேசப் பேச, ஒலியளவுக் கோடு எழுந்து ஆடிற்று.

அனுமதி திறந்திருந்தும் ஓசை வராவிடின், உள்ளீட்டுக்கு எந்த மைக் தேர்வாகியுள்ளது என்று காண்க. அதுவும் சரியெனில், ஒலிக்குரிய டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்புக. திருப்புளியை எடுப்பது கடைசியில்தான்.

மறுநாள் 10 மணிக்கு அவள் தன் பெயரைச் சொன்னது, திண்ணையிலிருந்த எனக்கும் கேட்டது.