துலாவும் வேலியும் தோட்டச் சங்கமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், கொக்குவிலையும் கோண்டாவிலையும் கடந்து, மருதனார்மடத்தை அடையுமுன் இணுவிலைக் காண்பார். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண் என்று இசையன்பர் அதனைப் போற்றுவர். கோவில் வீதிகளை விட்டுச் சற்று உள்ளே திரும்பினால் வேறோர் இணுவில் தென்படும். செம்மண் தறைகளில் புகையிலையும் மிளகாயும், வெங்காயமும் மரவள்ளியும், இடையிடையே வாழையும் நிற்கும். நிலமோ துண்டு துண்டானது. ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. இரண்டு மூன்று பரப்பு மட்டுமே உடையவரும் அவ்வூரிலே தோட்டக்காரர் என்றே மதிக்கப்படுவார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டெனினும், அது மாரியில் மட்டும் நடந்து கோடையில் மறைந்துவிடும். ஆகவே தோட்டமென்றால் கிணறு. கிணறென்றால், இரண்டு தலைமுறைக்கு முன்வரை, துலா. இன்றைய இளைஞரிற் பலர் துலாவைப் படத்திலேதான் கண்டிருப்பர். ஆதலால் அது வேலை செய்த முறையைச் சிறிது விரித்துச் சொல்லுதல் தகும்.

கிணற்றருகே நட்ட ஆடுகால்களின்மீது நீண்ட மரமொன்று ஏற்றம்போல் பூட்டப்பட்டிருக்கும். அதன் நுனியிலிருந்து தொங்கும் கொடியிலே பட்டை கட்டப்பட்டிருக்கும். ஒருவர், சில இடங்களில் இருவர், அம்மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பர். முன்னே நடக்கப் பட்டை நீருள் இறங்கும். பின்னே நடக்க நிறைந்து மேலெழும். கிணற்று வாயில் நிற்கும் இன்னொருவர் அதனைப் பிடித்து வாய்க்காலிற் சரிப்பார். தோட்டத்துள்ளே மற்றொருவர் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் இவ்வேலைக்குக் குறைந்தது மூவர் வேண்டும். மூன்று ஆண்மக்கள் ஒரே வீட்டில் எப்போதும் இருப்பார்களா? ஆகவே இன்று இவருடைய தோட்டத்துக்கு அவர் வருவார். நாளை அவருடைய தோட்டத்துக்கு இவர் போவார். கிணறும் பெரும்பாலும் பங்குக் கிணறு. இன்னார்க்கு இன்ன நாள் என்று முறை இருந்தது. முறை தவறினால் வாய்ச்சண்டை வருவதும், சில வேளை அது நீதிமன்றம்வரை செல்வதும் உண்டு. அக்காலத்தைப் பொற்காலமென்று புகழுவோர் இதனையும் மறந்துவிடலாகாது.

எனினும் அத்துலாவடியிலே தண்ணீரோடு வேறொன்றும் இறைக்கப்பட்டது. அதுதான் பேச்சு. எவருடைய கன்றில் இலை சுருண்டது, எந்தத் தறையில் வெங்காயம் அழுகியது, எந்த ஆட்டுப்பட்டியின் எரு நல்லது, நாற்றை எந்த நாளிற் பிடுங்கலாம் என்பனவெல்லாம் அங்கே ஆராயப்பட்டன. மேடையுமில்லை, தலைவருமில்லை, நன்றியுரையுமில்லை. ஆயினும் அது தோட்டக்கலை பற்றிய சொற்பொழிவேயாகும்.

1950ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் ஊரெங்கும் பரவியது. மூவர் செய்த வேலையை ஒருவர் செய்யலாயிற்று. துலாவிலிருந்து தவறி விழுந்து காலொடிந்தோர், நெஞ்சு நோவுற்றோர் தொகை குறைந்தது. அது பெரும் நன்மை. அதனைக் குறை கூறுதல் நன்றி கெட்ட செயல். ஆனால் இயந்திரத்தின் ஓசையிலே பேச்சுக் கேட்பதில்லை; பேசுவதற்கு அங்கே இரண்டாம் ஆளும் இல்லை. தோட்டக்காரர் முதன்முறையாகத் தம் தோட்டத்திலே தனியராய் நின்றார். தோட்டச் சங்கம் என்று ஒன்று ஊருக்கு வேண்டியதாயிற்றென்றால், அதற்குரிய காரணம் இங்கேதான் கிடக்கிறது.

ஆடவர் துலாவடியிற் பேசியதுபோலப் பெண்டிர் வேலியோரத்திற் பேசினர். யாழ்ப்பாணத்து வேலி வெறும் எல்லையன்று. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நின்று தழைக்கும். ஆண்டுதோறும் அவற்றை வெட்டிக் குழையைத் தறையிலே தாழ்ப்பர். அவ்வேலியின் பொட்டு வழியே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வல்லாரையும் அயல்வீட்டுக்குப் போகும். போன கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை. விதைக்கென விட்ட கத்தரிக்காயிற் பாதியும், வாழைக்குட்டியும், தூதுவளைக் கொடியும் இவ்வழியேதான் ஊர் முழுதும் பரவின. இதனைத் தருமம் என்று எவரும் சொன்னதில்லை. கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறித்ததுமில்லை.

வேலியோரத்துக் கொடுக்கல் வாங்கலைச் சங்கமாக வளர்க்கலாம் என்பதை இலங்கைக்குக் காட்டியவர்களுள் ஒருவர் இணுவிலுக்கு வந்து சேர்ந்தவர் என்பது பலருக்குப் புதுமையாயிருக்கும். அமெரிக்க மிஷனார் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலையை நிறுவிய காலத்திலே, அப்பணிக்கென 1896இல் கனடாவிலிருந்து வந்தவர் மேரி இர்வின் என்ற இளம் மருத்துவர். அவர் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்தார். அக்காலத்து மிஷனுக்கு அது உவப்பாயில்லை. இணுவிலை விட்டுக் கொழும்பு சென்று, மேரி இரத்தினம் என்ற பெயருடன் அவர் நெடுங்காலம் மருத்துவம் பார்த்தார். பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைத்தார்.

அவர் பிறந்த ஒன்ராறியோ மாகாணத்திலே, ஸ்ரோனி கிறீக் என்னும் சிற்றூரில், 1897இல் குடியானவர் வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். உணவு, உடல்நலம், வீட்டுத் தோட்டம் என்பவற்றைப் பற்றி ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குச் சொல்வதே அதன் வேலை. அவ்வகைச் சங்கங்கள் பல நாடுகளுக்கும் பரவின. அம்மாதிரியைப் பின்பற்றியே 1930இல் மேரி இரத்தினம் இலங்கையில் மகிளா சமித்தியைத் தொடக்கினார். 1958இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. இணுவிலில் அவர் இருந்த காலம் சிறிது. வேலிப்பொட்டு வழியே கிண்ணம் செல்வதை அங்கே அவர் கண்டாரா என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, அடுக்களைக்குப் பின்னாலுள்ள நிலமும் பேசப்பட வேண்டும் என்ற உண்மையை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

தோட்டத்தையும் நோயாளரையும் சேர்த்து நினைத்த வேறோர் ஏற்பாடு இங்கிலாந்திலே 1927இல் தோன்றியது. வீட்டுக்கு வீடு சென்று நோயாளரைப் பேணும் தாதியருக்குப் பணம் வேண்டியிருந்தது. தோட்டமுடையோர் தம் வாயிற்கதவைத் திறந்துவிட்டு, வந்து பார்ப்போரிடம் தலைக்கு ஒரு சிலிங் வாங்கி அதனை அந்நிதிக்குக் கொடுத்தனர். முதலாண்டிலேயே 609 தோட்டங்கள் திறக்கப்பட்டு, எண்ணாயிரம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. அவ்வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. பூங்காவைக் காட்டிப் பணம் திரட்டுவது அந்நாட்டுக்குப் பொருந்தும். இணுவிலில் மிளகாய்த் தோட்டத்தைப் பார்க்க எவரும் காசு கொடுக்கமாட்டார்! அங்கே கொடை வேறு வடிவில் வரவேண்டும்.

அவ்வடிவுக்கு உள்ளூரிலேயே முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்திலே மில்க்வைற் சவர்க்காரத் தொழிலை நடத்திய கனகராசா, பனைவிதைகளையும் மரக்கன்றுகளையும் ஊரூராக வழங்கிவந்தார். ஒரு பனை பயன்தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாது செல்லும். சவர்க்காரம் விற்பவருக்கு அதில் என்ன இலாபம்? நடுபவருக்கும் அதில் இலாபம் இல்லை, பேரப்பிள்ளைக்குத்தான். பிற்காலத்திலே போரில் எண்ணற்ற பனைகள் தறிபட்டபோது, முன்னமே விதைத்து வைத்தவரின் அருமை ஊருக்கு விளங்கியது.

இனி, இணுவிலைப் போன்ற ஓர் ஊரிலே தோட்டச் சங்கம் கூடினால் எதைப் பேசுவது? பூச்சிமருந்தின் பெயர்களைப் படிப்பதற்குச் சங்கம் வேண்டியதில்லை. அதனைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். வானொலியும் பேசும், ஆனால் கேட்பவர் கையிலுள்ள சுருண்ட இலையை அது பார்ப்பதில்லை. சங்கத்திலோ அந்த இலை கைமாறும். சனசமூக நிலையத்துத் திண்ணையே போதிய இடம். திருநெல்வேலிக் கத்தரியின் விதையையும், வேதாளன் வெங்காயத்தின் நல்ல முடிச்சையும், கறுத்தக்கொழும்பான் மாவின் ஒட்டுக்கன்றையும் மிகுதியாக வைத்திருப்பவர் கொண்டுவருவார். இல்லாதவர் எடுத்துச் செல்வார். எடுத்துச் சென்றவர் அடுத்த போகத்தில் இரட்டிப்பாகத் திருப்பவேண்டுமென்று ஒரு விதி இருந்தால் நன்று. மிஞ்சும் மரக்கறி பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் போகலாம். இவையெல்லாம் எளியவை, செய்யக்கூடியவை.

எளிதல்லாத பொருள் ஒன்று உண்டு. அது நீர். அதனைப் பேசாத சங்கம், பூக்கண்காட்சியோடு நின்றுவிடும்.

இணுவிலின் அடியிலே கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடாக இறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின்மேல், பாரங்குறைந்ததனால், ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கிணறுகளெல்லாம் அந்த ஒரே நன்னீர் வில்லையைத்தான் தொடுகின்றன. உறுதியிலே கிணறு இன்னாருடையது என்று எழுதலாம். நீருக்கு அவ்வாறு எழுத இயலாது. துலாக் காலத்தில் மனிதனுடைய கால்வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இயந்திரம் அவ்வெல்லையை நீக்கியது. 1970ஆம் ஆண்டுகளில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையிலே என்றுமில்லாதவாறு பணம் புழங்கியது. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் மேற்படிப்புக்குச் சென்றனர். 1977க்குப் பின் இறக்குமதி திறக்கப்பட, விலை சரிந்தது. ஆனால் அந்த நாட்களிற் பழகிய யூரியாப் பசளையின் அளவு சரியவில்லை.

பயிர் உண்டு மிஞ்சிய பசளை நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்குகிறது. மலகூடக் குழிகளிலிருந்தும் அது இறங்குகிறது. செம்மண்ணும் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லும் அதனைத் தடுத்து நிறுத்துவன அல்ல. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தோட்டச் செய்கை மிகுந்த வலிகாமப் பகுதியிலே அவ்வரம்பைக் கடந்த கிணறுகள் பல என்பதை 1980ஆம் ஆண்டுகளிலிருந்தே ஆய்வுகள் கூறிவருகின்றன. வளர்ந்தோர் அதனை உடனே உணரார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கோ, அந்நீரிற் கரைத்த பால்மா இரத்தத்தின் உயிர்வளியைத் தாங்கும் ஆற்றலைக் குறைத்து, மேனி நீலம்பாயச் செய்யக்கூடும்.

அண்டையிலுள்ள சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊர் திரண்டு எழுந்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கு மணத்தது. வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்று, 2019 ஏப்ரல் 4ஆம் நாள் மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்ற தீர்ப்பும் கிடைத்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. எதிராளி என்று சுட்டுவதற்கு ஒரு நிறுவனமும் இல்லை. ஒவ்வொரு தறையிலிருந்தும் சிறிது சிறிதாக இறங்கியது அது. இறக்கியவரும் குடிப்பவரும் ஒரே ஊரவர். இத்தகைய காரியத்திலே நீதிமன்றத்தினும் சங்கமே பயன்படும்.

சட்டம் போட்டுத் தீர்க்கலாமென்று கருதுவோர் 2021ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு திடீரென நிறுத்தியது, விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் தெருவில் இறங்கினர், நவம்பரிலே தடை நீங்கியது. ஒரே போகத்தில் மண்ணை மாற்றிவிட முடியாது. குழை தாழ்த்தலும், ஆட்டுப்பட்டி அடைத்தலும், கூட்டெரு செய்தலும் மெல்ல மெல்லப் பசளையின் அளவைக் குறைக்கவல்லன. ஆனால், “பாதி யூரியாவோடு நிறுத்தினேன், விளைச்சல் இவ்வளவு வந்தது” என்று பக்கத்துத் தோட்டக்காரர் தம் வாயாற் சொன்னால்தான் மற்றவர் துணிவர். அச்சொல்லை எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது.

சங்கம் உடனே தொடங்கத்தக்க வேலை ஒன்றுண்டு. ஆண்டுக்கு இருமுறை, புரட்டாதியில் மழை தொடங்குமுன்னும், தையிலே மழை ஓய்ந்த பின்னும், ஒவ்வொரு குறிச்சியிலும் சில கிணறுகளின் நீரைத் தூய போத்தல்களில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அதற்குரிய கட்டணத்தை, ஏலம் கூறி விற்ற வாழைக்குலையும் பூசணிக்காயும் கொடுத்துவிடும். வந்த எண்ணை மறைக்காமல் நிலையத்துச் சுவரில் எழுதவேண்டும். கிணற்றுக்குரியவர் முதலில் வெட்கப்படுவார். அடுத்தவர் கிணற்றின் எண்ணையும் கண்டபின் அவ்வெட்கம் தணியும். வரம்பு கடந்த கிணற்றின் நீரைக் கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமென்று தாய்மார் பலர் நினைக்கின்றனர். அது தவறு. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றுமேயன்றி நைத்திரேற்று அகலாது. அதன் செறிவு கூடும். அந்த வீட்டுக்கு நல்ல கிணறுள்ள அயலவர் நாளொன்றுக்கு ஒரு குடம் நீர் கொடுத்தாற் போதும். எந்த வீட்டுக்கு எந்தக் கிணறு என்று குறித்துக்கொடுப்பதும், அக்குடம் தவறாமற் போகிறதா என்று பார்ப்பதும் சங்கத்துச் செயலாளரின் வேலை.